யாழ்ப்பாணத்து நத்தார்: அடிக்கடி கேட்கிற கேள்விகளும் என் பதில்களும்

கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். கந்தோரில் கூட வேலை செய்த சைவ நண்பிகள், ரொறன்ரோவில் வளர்ந்த பெறாமக்கள், வேதக்காரப் (கிறிஸ்தவப்) பொடியனைக் கட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டு மருமகள் என்று ஆளாளுக்கு ஒரு சந்தேகம். கேட்கிற ஆள்தான் மாறும், கேள்வி மாறாது. அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

நான் பாஷையூரில் பிறந்து இளவாலைக்கு வாழ்க்கைப்பட்டவள். கடற்கரை நத்தாரும் தெரியும், தோட்டக்காணி நத்தாரும் தெரியும். பல வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பித்திருக்கிறேன். ஆனால் நான் சுவாமியார் இல்லை. திருச்சபைச் சட்டம் வேண்டுமென்றால் உங்கள் பங்குத்தந்தையைக் கேளுங்கள். வழக்கம் எப்படி என்று கேட்டால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நத்தார் எண்டுறதும் கிறிஸ்மஸ் எண்டுறதும் ஒண்டுதானே?

ஒன்றுதான். போர்த்துக்கேயர் பிறப்பு விழாவுக்குச் சொல்லும் ‘நத்தால்’ என்ற சொல் எங்கள் வாயில் நத்தாராகிவிட்டது. சிங்களவரும் நத்தல் என்கிறார்கள். பாண், அலுமாரி, கதிரை வந்த அதே கப்பலில் வந்த சொல். இப்போது வீட்டில் நத்தார், வாழ்த்து மட்டையில் கிறிஸ்மஸ், கோயில் அறிவித்தலில் கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. தமிழ்நாட்டுச் சிநேகிதரிடம் நத்தார் என்று சொல்லிப் பாருங்கள், முழிப்பார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர் நாங்கள் தேவாலயத்தைக் கோயில் என்போம், திருப்பலியைப் பூசை என்போம். கீழே அந்தச் சொற்கள் வந்தால் குழம்ப வேண்டாம்.

யேசு உண்மையாவே மார்கழி 25இலதான் பிறந்தவரோ?

பைபிளில் திகதி இல்லை. ரோமாபுரியில் 4ஆம் நூற்றாண்டில், 336ஆம் ஆண்டளவில், டிசம்பர் 25ஐக் கொண்டாடியதற்கான பதிவு இருக்கிறது. அதற்கு முந்திய கணக்கெல்லாம் ஆராய்ச்சிக்காரரின் வாதம். பிறந்தநாள் சரியாகத் தெரியாத ஆச்சிமார் எங்கள் வீடுகளில் எத்தனை பேர்? அவர்களுக்கும் ஒருநாள் பார்த்துக் கேக் வெட்டுகிறோம்தானே.

ஒரு நாள் கொண்டாட்டமோ, ஒரு மாதமோ? எப்ப தொடங்கி எப்ப முடியும்?

கோயில் கணக்குப்படி நத்தாருக்கு முந்திய நான்கு ஞாயிறுகளும் திருவருகைக்காலம். நான்கு மெழுகுதிரி வைத்த ஒரு வளையம் பீடத்தருகே இருக்கும். ஞாயிறுக்கு ஒன்றாகக் கொளுத்துவார்கள். மூன்று ஊதா, ஒன்று ரோஸ். ‘உதில ஒண்டு மட்டும் ஏன் நிறம் மாறி இருக்கு, கடையில முடிஞ்சுதோ?’ என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. முடியவில்லை. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு, அதற்குத்தான் ரோஸ். அந்தக் காலம் உண்மையில் ஒடுக்கத்தின் காலம். என் அம்மம்மா 24ஆம் திகதி மச்சம் (மீன், இறைச்சி) தொடமாட்டா, ஒருநேரச் சாப்பாடுதான்.

கொண்டாட்டம் 25இல் தொடங்கி மூன்று இராசாக்கள் திருநாள் வரை, அதாவது ஜனவரி 6 அளவில் வரைக்கும் போகும். கடைகள் இதைத் தலைகீழாக்கிவிட்டன. நவம்பரிலேயே பாட்டுப் போட்டு 26ஆம் திகதி எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை.

எங்கட கந்தோரில ஒரேயொரு வேதக்காரர்தான். பிறகேன் ஒளிவிழா வைக்கினம்?

ஒளிவிழா கோயிலுக்குள் நடப்பது இல்லை. டிசம்பர் மாதம் முழுக்கப் பள்ளிக்கூடம், முன்பள்ளி, பிரதேச செயலகம், வங்கி, ஆஸ்பத்திரி என்று மாறி மாறி நடக்கும் கலைநிகழ்ச்சி. விளக்கேற்றி, கரோல் பாடி, பாலன் பிறப்பு நாடகம் போட்டு, ஒரு சுவாமியாரோ போதகரோ ஐந்து நிமிடம் பேசி, கேக்கும் பற்றிசும் கொடுத்து முடிப்பார்கள். ஐந்து நிமிடம் என்பது அழைப்பிதழில். நவராத்திரிக்கு எல்லாரும் சேர்ந்து வாணிவிழா வைக்கிறோம் இல்லையா, அதற்கு ஈடாக இது. வாணிவிழாவில் நான் கடலை சுண்டி அடுக்கியிருக்கிறேன். ஒளிவிழாவில் மரியாளாக நின்ற பிள்ளை அனேகமாகச் சைவப் பிள்ளையாகத்தான் இருக்கும், ஏனென்றால் வகுப்பில் நீளத் தலைமயிர் அவளுக்குத்தான்.

கத்தோலிக்கர், அங்கிலிக்கன், மெதடிஸ்ற், தென்னிந்திய திருச்சபை... எல்லாரும் ஒரே மாதிரித்தான் செய்யிறவையோ?

இல்லை. காரணம் அவரவர் வந்த பாதை. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்தார்கள். அவர்களோடு கத்தோலிக்கம் வேரூன்றியது. 1658இல் ஒல்லாந்தர் வந்து கத்தோலிக்கத்தைத் தடைசெய்தார்கள். கோவாவிலிருந்து யோசவ்வாஸ் அடிகளார் 1687இல் கூலிக்காரர் வேடத்தில் வந்து சில்லாலையில் ஒளிந்திருந்து பூசை வைத்தார். இருட்டில், வீடுகளுக்குள். ஒரு நத்தார் இரவு பூசைக்குக் கூடியிருந்த வீடுகளுக்குள் ஒல்லாந்தர் புகுந்து சனத்தைப் பிடித்துக்கொண்டு போனதாக வரலாறு இருக்கிறது. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து யோசவ்வாஸ் அடிகளாரைப் புனிதராக்கினார். சாமப்பூசைக்கு, அதாவது நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு, எங்கள் சனம் ஏன் இவ்வளவு உயிர் விடுகிறது என்று கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

மற்றப் பக்கம், 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கினார்கள். இன்றைய தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் அந்த வழி. அவர்களுடைய ஊரான நியூ இங்கிலாந்தில் பழைய பியூரிட்டன்காரர் கிறிஸ்மஸே கொண்டாடுவதில்லை. மாசச்சூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கொண்டாடினால் ஐந்து சில்லிங் தண்டம்! அந்த வழியில் வந்தவர்களின் சேர்ச்சில் இன்று கரோல் ஆராதனை தான் பெரிய அழகு. அங்கிலிக்கன்காரரும் மெதடிஸ்ற்காரரும் பாட்டில் கெட்டிக்காரர். நாலு குரலில் பாடுவார்கள். யேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில், சொரூபம் (சிலை), பாலனை முத்திசெய்தல் (குழந்தை யேசுவின் சிலையை முத்தமிடுதல்) எல்லாம் கத்தோலிக்கர் பக்கம். இவை தவிரச் சில சுயாதீன சபைகள் கிறிஸ்மஸ் மரமும் நத்தார் தாத்தாவும் வைப்பதில்லை. யெகோவாவின் சாட்சிகள் நத்தாரே கொண்டாடுவதில்லை. அவர்களுக்கு வாழ்த்துச் சொல்லிச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பாலன் குடில் எப்பிடிக் கட்டிறது? எங்கட பிள்ளை பள்ளிக்கூடத்தில பாத்திட்டு வீட்டையும் வேணுமாம்.

வையுங்கள், சைவ வீட்டில் வைத்தால் யாரும் குற்றம் பிடிக்கமாட்டார்கள். குடில் வைக்கும் பழக்கத்தை 1223இல் இத்தாலியின் கிரேச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் தொடக்கியதாகச் சொல்வார்கள். அவர் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து கட்டினாராம். நாங்கள் கால் உடைந்த பிளாஸ்டர் ஆடுகளோடு சமாளிக்கிறோம்.

முதல் வேலை நெல்லு. நத்தாருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒரு சுண்டு நெல்லை இரவு ஊறவையுங்கள். சிரட்டைகளில் ஈரமணல் போட்டு நெருக்கமாகத் தூவி, விறாந்தையில் மழை அடிக்காத இடத்தில் வையுங்கள். 24ஆம் திகதிக்கு ஒரு விரற்கடைக்கு மேல் பச்சைப்பசேலென்று நிற்கும். அதுதான் பெத்லகேம் வயல். பயறும் போடலாம், ஆனால் அது சீக்கிரம் உயர்ந்து சாய்ந்துவிடும். எனக்கு நெல்லுத்தான் ஒத்துவரும். கூரைக்குக் கிடுகுத் துண்டும் வைக்கோலும். மலைக்குச் சாக்கைக் களிமண் தண்ணீரில் தோய்த்து, கல்லின்மேல் போட்டுக் காயவிட வேண்டும். டிசம்பர் மழையில் அது காயாது என்பதால் முதல் வாரமே செய்துவைத்தால் நல்லது.

பாலன் சொரூபத்தை மட்டும் முன்கூட்டியே வைக்கக்கூடாது. 24ஆம் திகதி இரவு வரை தொட்டில் வெறுமையாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் மூன்று இராசாக்களும் யன்னல் கட்டில் நிற்பார்கள். நத்தார் முடிந்தபிறகு நாளுக்கு ஒரு சாணாக நகர்த்துவது கடைக்குட்டியின் வேலை. பாஷையூரில் என் சின்ன வயதில் ஒருமுறை வள்ளம் ஒன்றை முற்றத்துக்குள் இழுத்து, வலையைத் தோரணமாகப் போட்டு, அதற்குள் குடில் கட்டினார்கள். இளவாலையில் வாழைக்குலையும் வரம்பும் வைத்துக் கட்டுவார்கள். பெத்லகேம் எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும், எங்கள் ஊர் மாதிரி இருந்ததாக வைத்துக்கொள்வோம்.

கிறிஸ்மஸ் மரத்துக்கு என்ன மரம்? பிளாஸ்ரிக் மரம் வாங்கினா வழக்கத்துக்குப் பிழையோ?

எங்கள் மரம் சவுக்கு. காரைநகர்ப் பக்கம் கடற்கரைக்கே கசூரினா என்று பேர் வரும் அளவுக்குச் சவுக்கு நின்ற ஊர் இது. ஒரு கொப்பு கொண்டுவந்து மண் நிறைத்த வாளியில் நட்டு, பஞ்சு பிய்த்துப் போட்டால் பனி, ரிசுப் பேப்பர் வெட்டி ஒட்டினால் சோடனை. இப்போது கண்டபடி வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. கடலரிப்பைப் பிடித்து வைத்திருக்கும் மரம் அது. பிளாஸ்ரிக் மரம் பிழையில்லை. ஒருமுறை வாங்கினால் பத்து வருடம் வைத்திருங்கள்.

வாசலில் தூக்கும் நட்சத்திரக் கூட்டை மட்டும் பொலித்தீனால் சுற்றுங்கள். மாரிமழை ஒரே இரவில் கரைத்துவிடும்.

கரோல்காரர் வந்தா எவ்வளவு குடுக்கிறது? லைற்றை நிப்பாட்டிப்போட்டுப் படுத்தா பாவமோ?

பாவமில்லை, ஆனால் நாய் காட்டிக்கொடுத்துவிடும். காசு உங்கள் விருப்பம். 500 ரூபாய்க்கும் 5000 ரூபாய்க்கும் அதே இரண்டு பாட்டுத்தான். அந்தக் காசு பெரும்பாலும் கோயில் வேலைக்கோ இல்லாத குடும்பங்களுக்குச் சாமான் கொடுக்கவோ போகும். காசைவிட அவர்கள் எதிர்பார்ப்பது சூடான தேத்தண்ணி. மார்கழிக் கூதலில் உழவு மெசின் பெட்டிக்குள் நின்று பாடி வருகிற பொடியள். முந்திப் பெற்றோமக்ஸ் தலையில் தூக்கி, ஆர்மோனியத்தைத் தோளில் கட்டி வருவார்கள். இப்போது ஜெனரேட்டரும் கீபோட்டும்.

ஒரு காட்சி இங்கே மட்டும்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். சில வருடம் திருவெம்பாவையும் நத்தாரும் ஒன்றாக வரும். கரோல் முடித்து விடியப்புறம் திரும்புகிறவர்களுக்கு எதிரே சங்கும் சேமக்கலமும் அடித்துக்கொண்டு திருவெம்பாவைக் கோஷ்டி வரும். ஒரு வருடம் ஒழுங்கை முனையில் இரண்டு கூட்டமும் சந்தித்து, எங்கள் பொடியள் பாட்டை நிறுத்தி வழிவிட, அவர்கள் எங்கள் நத்தார் தாத்தாவிடம் ரொபி வாங்கிக்கொண்டு போனார்கள்.

நத்தார் தாத்தாவை நம்பவைக்கிறது பிள்ளையளுக்குப் பொய் சொல்லுறது மாதிரி இல்லையோ?

புகைக்கூண்டு வழியாக வருகிறார் என்று சொன்னால்தான் பொய். எங்கள் ஊர்த் தாத்தா உழவு மெசினில் வருகிறார். முகமூடிக்குக் கீழே சின்ன மாமாவின் பாட்டாச் செருப்பு தெரியும். நான்கு வயதுக்கு மேல் யாரும் ஏமாறுவதில்லை. இந்தத் தாத்தாவுக்கு மூலம் 4ஆம் நூற்றாண்டில் மீராவில் ஆயராக இருந்த புனித நிக்கலஸ். ஒளித்துக்கொண்டுபோய் உதவி செய்கிறவராம். அந்த ஒளித்துக் கொடுக்கிற பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

சாமப்பூசைக்குச் சைவக்காரர் வரலாமோ? திருநீறோட வந்தா ஒரு மாதிரிப் பாப்பினமோ?

வரலாம். யாரும் உங்கள் நெற்றியைத் துடைக்கச் சொல்லமாட்டார்கள். பேர் சாமப்பூசை என்றாலும் பல கோயில்களில் இப்போது இரவு பத்து, பதினொரு மணிக்கே தொடங்கிவிடுவார்கள். உங்கள் ஊர் நேரத்தை முதலே கேட்டுக்கொள்ளுங்கள். அரைமணி முந்திப் போனால்தான் இருக்க இடம். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாசலில் சோதனை இருக்கும், ஆகவே பெரிய பைகள் வேண்டாம்.

மற்றவர் எழும்பும்போது எழும்புங்கள், இருக்கும்போது இருங்கள். ‘உன்னதங்களிலே’ என்று தொடங்கும் இடத்தில் மணிகள் எல்லாம் ஒன்றாக அடிக்கும், குடிலின் திரை விலகும், வெளியே சீனவெடி கேட்கும். அந்த நிமிடத்துக்காகத்தான் சனம் நித்திரை முழிக்கிறது. நற்கருணை வாங்குவது மட்டும் கத்தோலிக்கருக்கு. அந்த நேரம் இருந்த இடத்தில் இருங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். முடிவில் பாலனை முத்திசெய்ய வரிசை நிற்கும். அதற்கு எல்லாரும் போகலாம். கும்பிட்டுவிட்டு வந்தாலும் போதும்.

நத்தார்ச் சாப்பாடு எண்டா என்ன? வான்கோழி சமைக்க வேணுமோ?

வான்கோழியைப் படத்தில் பார்த்ததோடு சரி. பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் கேக்கும் வைனும். வைன் என்றால் வீட்டில் திராட்சைப்பழம் போட்டு வைத்தது, இல்லாவிட்டால் தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லி ரசம். காலையில் இடியப்பம், சொதி, கோழிக்கறி; சில வீடுகளில் பாணும் இறைச்சிக்கறியும். மத்தியானம் ஆட்டிறைச்சி. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஆடு கடையில் வாங்குவதைவிடப் பங்கு போடுவதுதான் வழக்கம். பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து ஒரு கிடாய் வாங்கி, விடிய அடித்து, எலும்பு, ஈரல், தசை எல்லாவற்றையும் சமமாகக் கூறுபோட்டு, பனையோலையில் கட்டிக் கொடுப்பார்கள். தீபாவளிக்கும் இதேதான். ஒருமுறை லண்டனிலிருந்து வந்த பெறாமகன் ‘எங்கட பங்கு எது?’ என்று கேட்க, நான் ‘புனித அன்னம்மாள்’ என்று கோயிற்பங்கைச் சொல்ல, அவன் ‘இல்லை அன்ரி, ஆட்டுப் பங்கு’ என்றான்.

பலகாரம் தைப்பொங்கல், சித்திரை வருடப்பிறப்புக்குச் சுடுகிற அதே பலகாரம்தான்: பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு, அச்சுப் பலகாரம், கொக்கிஸ்.

உங்கட றிச் கேக் ஏன் எங்கட கேக் மாதிரி இல்லை? அளவு சொல்லுங்கோ.

எங்கள் கேக்கில் கோதுமை மா இல்லை, ரவை. வீட்டு அளவு இது: ரவை 250 கிராம், பட்டர் 375 கிராம், சீனி 500 கிராம், முட்டை மஞ்சட்கரு 12, வெள்ளைக்கரு 6 மட்டும். ரவையை மெல்லிய சூட்டில் வறுத்து, ஆறியதும் பட்டரோடு பிசைந்து வைக்க வேண்டும். கஜு, முந்திரிகை வற்றல், சுல்தானா, பூசினித் தோசி, இஞ்சித் தோசி, செரி எல்லாம் குறுணியாக வெட்டியது ஒன்றரைக் கிலோ வரை. வெட்டுகிற வேலைக்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போகும்; வீட்டில் உள்ள எல்லாரையும் இருத்தி வைத்துக் கதைத்துக்கொண்டே வெட்டுங்கள். வெட்டியதைப் பிராண்டியும் தேனும் ஊற்றி ஒரு கிழமையாவது ஊறவிடுங்கள். பன்னீர், வனிலா, ஏலம், கறுவா கடைசியில். பிராண்டி விருப்பமில்லாதவர்கள் தோடம்பழச் சாறு விடலாம், ஆனால் அது கனநாள் இராது.

சூடு மிக மெல்லியதாக இருக்க வேண்டும், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ரின்னுக்குள் நாலைந்து மடிப்பு பேப்பர் போடாவிட்டால் அடி கருகும். அவண் இல்லாத காலத்தில் அம்மா ரின்னைத் தூக்கிக்கொண்டு பாண் போறணைக்குப் போவா. பாண் எடுத்தபிறகு ஆறுகிற சூட்டில் வைப்பார்கள். பத்து வீட்டு ரின் ஒன்றாக உள்ளே போகும் என்பதால் மூடியில் பேர் எழுத வேண்டும். ஒரு வருடம் எங்கள் பேர் அழிந்து, வேறு யாருடையதோ கேக் வீட்டுக்கு வந்தது. அது எங்களுடையதைவிட நன்றாக இருந்தது. அம்மா கடைசிவரை அதை ஒத்துக்கொள்ளவில்லை.

சின்னத் துண்டுகளாக வெட்டி, எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, வெளியே நிறத்தாள் சுற்றினால் மாதக்கணக்கில் இருக்கும். எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

பக்கத்து வீட்டு அன்ரி பிள்ளையார் கதை விரதம். அவவுக்குப் பலகாரத் தட்டுக் குடுக்கிறதோ விடுறதோ?

இதுதான் எனக்கு ஒவ்வொரு வருடமும் வருகிற கேள்வி. பிள்ளையார் பெருங்கதை கார்த்திகைப் பூரணைக்கு அடுத்தநாள் தொடங்கி 21 நாள். சில வருடம் நத்தாருக்கு முன்பே முடிந்துவிடும். சில வருடம் நத்தாரைத் தாண்டிப் போகும். கலண்டரைப் பாருங்கள். தாண்டினால் கேக் வைக்காதீர்கள், அதில் முட்டை. மச்சம் படாத தாச்சியில், புது எண்ணெயில், முதல் ஈடாகப் பயற்றம் பணியாரமும் அரியதரமும் சுட்டு அதை வேறாக எடுத்துவையுங்கள். கதலி வாழைப்பழம் ஒரு சீப்பும் வையுங்கள். கொடுக்கும்போது ‘இது சைவச் சட்டியில சுட்டது அன்ரி’ என்று சொல்லிவிடுங்கள், அவவுக்கும் நிம்மதி. வேறு சட்டி இல்லையென்றால் பழம் மட்டும் கொடுங்கள். பொய் சொல்லாதீர்கள். கேக்கை விரதம் முடிந்தபிறகு கொண்டுபோகலாம். அது கெடாது என்று மேலே சொன்னேன்தானே.

விடுவது மட்டும் கூடாது. தட்டு வராவிட்டால்தான் மனவருத்தம்.

அப்ப எங்களுக்குத் தட்டு வந்தா என்ன செய்யிறது? நத்தாருக்கு வீட்டை போகேக்க என்ன கொண்டுபோறது?

தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒன்றும் இல்லாவிட்டால் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுங்கள். பலர் தட்டை வைத்திருந்து தைப்பொங்கலுக்குப் பொங்கலும் மோதகமும் வைத்துத் திருப்புவார்கள். போகும்போது பிஸ்கட் பெட்டி, பழம், பிள்ளைகளுக்கு ஏதாவது போதும். காலை பத்து மணிக்குப் பிறகு போங்கள். அதற்கு முந்தி நாங்கள் நித்திரை.

அப்பா செத்து ஆறு மாதம். இந்த முறை நத்தார் செய்யலாமோ?

எங்களுக்குத் துடக்குக் கணக்கு இல்லை. பூசைக்குப் போகலாம், போக வேண்டும். ஆனால் முதல் வருடம் பலகாரம் சுடாமல், வெடி கொளுத்தாமல், சோடனை குறைத்து இருப்பதுதான் வழக்கம். குடில் வைக்கலாம். காலையில் சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வாருங்கள். அன்றைக்குச் சமைக்காவிட்டாலும் பரவாயில்லை, நாலு வீட்டிலிருந்து சாப்பாடு வரும்.

சண்டைக் காலத்தில எப்பிடிக் கொண்டாடினீங்கள்?

1990இல் மின்சாரம் போனது, வருடக்கணக்கில் வரவில்லை. ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் குடில், சைக்கிள் டைனமோவில் ஒற்றை பல்ப். சீனி விலை ஏறியதால் பனங்கட்டி. அப்படியும் கேக் மாதிரி ஒன்று வந்தது: சட்டிக்குள் மணல் போட்டு, அதன்மேல் ரின் வைத்து, மூடியில் சிரட்டைத் தணல்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு ஊரே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அந்த நத்தார் எங்களுக்கு ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். எங்கள் பாலன் சொரூபம் வீட்டு அலுமாரிக்குள். அம்மா செபப்புத்தகத்துக்குள் இருந்த பாலன் படத்தை வெட்டி, நெருப்புப்பெட்டிக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தா. பக்கத்து வாங்கில் இருந்த சைவக் குடும்பம் கொஞ்ச அவல் தந்தது. பிறகு ஊருக்குத் திரும்பியபோது ஊரடங்கு. ‘நள்ளிரவு’ப் பூசை பின்னேரமே முடிந்துவிடும். நெருப்புப்பெட்டி இப்போதும் எங்கள் குடிலில் ஒரு மூலையில் இருக்கும். சொரூபமும் இருக்கும். இரண்டு பாலன் ஏன் என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

26ஆம் திகதி வடமராட்சி கிழக்குப் பக்கம் போனனாங்கள். பாட்டுமில்லை ஒண்டுமில்லை. ஏன்?

2004 டிசம்பர் 26 காலை, நத்தாருக்கு மறுநாள், சுனாமி வந்தது. மணற்காடு, உடுத்துறை, தாளையடி எல்லாம் அடிபட்டன. நத்தாருக்கு உறவினர் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தவர்களும் போனார்கள். அதனால் அங்கே 25 ஒருநாள்தான் கொண்டாட்டம். 26 காலை உடுத்துறை நினைவிடத்தில் விளக்கு. அன்றைக்கு அந்தப் பக்கம் போனால் ரேடியோவை நிறுத்திவிட்டுப் போங்கள்.

மகள் வேதம், மருமகன் சைவம். பேரப்பிள்ளையள் விளக்கீடும் செய்து குடிலும் வைக்கலாமோ? எங்கட சுவாமியார் ஒண்டு சொல்லுறார், அவையின்ர ஐயர் ஒண்டு சொல்லுறார்.

ஞானஸ்நானம், நற்கருணை பற்றியது என்றால் நான் தொடக்கத்திலேயே சொன்னபடி சுவாமியாரிடம்தான் போக வேண்டும். வாசலில் விளக்கு வைப்பதையும் சிரட்டையில் நெல்லுப் போடுவதையும் பற்றியது என்றால், என் தங்கை வீட்டில் இருபது வருடமாக இரண்டும் நடக்கிறது. ஒரே ஒரு விதி வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டுப் பெருநாளோ அந்த வீட்டு அம்மம்மாவோ அப்பம்மாவோ அன்றைக்குச் சொல்வதுதான் சட்டம். மற்ற ஆள் குசினியில் உதவி.

குடிலை எப்ப கழட்டிறது? முளைச்ச நெல்லை எறியலாமோ?

இராசாக்கள் வந்து சேர்ந்தபிறகு, ஆண்டவருடைய திருமுழுக்குத் திருநாளோடு. சொரூபங்களைப் பழைய சேலைத் துணியில் சுற்றி வையுங்கள், பத்திரிகைத் தாள் மை ஒட்டும். நெல்லை எறிய வேண்டாம். எங்கள் பக்கத்து வீட்டு ஆட்டுக்கு அந்தத் திகதி மனப்பாடம். நான் சிரட்டைகளை வெளியில் கொண்டுவர முந்தியே வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டிவிடும். அதன் பிறகு ஒரு கிழமையில் பொங்கல், என் தட்டுகளும் திரும்பி வந்துவிடும்.